ஃப்ரீ என்றால் எந்த ஃப்ரீ?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் வாரத்தில் அதிகம் சந்திக்கும் ஆங்கிலச் சொல் எது என்று கேட்டால், 'ஃப்ரீ' என்றுதான் சொல்வேன். ஃப்ரீ டவுன்லோட், ஃப்ரீ டிரையல், ஃப்ரீ ஸ்பேஸ், வைரஸ் ஃப்ரீ என்று திரும்பிய பக்கமெல்லாம் இந்தச் சொல்தான். நம்மில் பெரும்பாலோர் இதற்கு ஒரே ஒரு பொருளைத்தான் மனதில் வைத்திருக்கிறோம்: 'இலவசம்'. அந்த ஒரு பொருளை மட்டும் நம்பி கிளிக் செய்வதால்தான் பலர் பணத்தையும், சில நேரம் குடும்பப் புகைப்படங்களையும் இழக்கிறார்கள் என்பது என் கருத்து.

நான் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி மாவட்டம். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் உறவினர்களும் அக்கம்பக்கத்தினரும் கம்ப்யூட்டர் சந்தேகங்களோடு வருவார்கள். அவற்றில் பாதி, கடைசியில் இந்தச் சொல்லில்தான் வந்து நிற்கும்.

ஒரு சொல், ஐந்து பொருள்

ஆங்கிலத்தில் ஃப்ரீ என்பது ஒரு சொல். தமிழில் அதற்கு இடத்தைப் பொறுத்துக் குறைந்தது ஐந்து சொற்கள் தேவைப்படுகின்றன.

1. இலவசம்: காசு கொடுக்க வேண்டியதில்லை. சோப்பு வாங்கினால் டப்பா ஃப்ரீ என்பது இதுதான். 1800 என்று தொடங்கும் டோல் ஃப்ரீ எண்களும் இந்த வகை.

2. இல்லாதது: ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒட்டி வரும் ஃப்ரீ இது. சுகர் ஃப்ரீ என்றால் சர்க்கரை இல்லாதது. எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கிவிடலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம். அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 'ஃப்ளூரைடு ஃப்ரீ' தண்ணீர் என்றால் ஃப்ளூரைடை இலவசமாகக் கலந்து தருகிறார்கள் என்று எங்கள் ஊரில் யாரும் நினைக்க மாட்டார்கள்! வைரஸ் ஃப்ரீ, ஆட் ஃப்ரீ எல்லாம் இப்படித்தான். ஆட் ஃப்ரீ என்றால் விளம்பரம் வராது என்று மட்டுமே பொருள். பெரும்பாலும் அதற்குத்தான் காசு கேட்பார்கள்.

3. காலி: டிஸ்க்கில் இத்தனை ஜி.பி. ஃப்ரீ என்று காட்டினால், அவ்வளவு இடம் காலியாக உள்ளது என்று அர்த்தம். கம்பெனிக்காரர் கூடுதலாகக் கொடுத்த அன்பளிப்பு அல்ல.

4. ஓய்வு: 'சாயங்காலம் ஃப்ரீயா?' என்று நாம் தினமும் கேட்பது.

5. சுதந்திரம்: கட்டுப்பாடு இல்லாதது. ஃப்ரீ சாஃப்ட்வேர் என்பதில் உள்ள ஃப்ரீ இதுதான். இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

எங்கே இடறுகிறோம்?

அரூர் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் உறவினர் ஒருவர், திருமண வீடியோ தயாரிக்க ஒரு எடிட்டிங் மென்பொருளை நிறுவினார். 7 நாள் ஃப்ரீ டிரையல். தொடங்கும்போதே வங்கிக் கணக்கை இணைக்கச் சொன்னது, இணைத்துவிட்டார். எட்டாம் நாள் ஓராண்டுச் சந்தா கணக்கிலிருந்து போய்விட்டது. "ஃப்ரீன்னுதானே தம்பி போட்டிருந்தான்?" என்று என்னிடம் கேட்டார். அந்தப் பணம் அவருக்குச் சிறிய தொகை அல்ல.

'ஃப்ரீ' என்ற சொல்லைப் பெரிய எழுத்திலும், 'டிரையல்' என்ற சொல்லைச் சிறிய எழுத்திலும் போட்டால் இப்படித்தான் ஆகும். டிரையல் என்பது வெள்ளோட்டம். நாள் முடிந்ததும் கட்டணம் தொடங்கும். ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைப்படுத்திய விதியின்படி, இப்படித் தானாகப் பிடிக்கப்படும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும். அந்தத் தகவல் ஆங்கில எஸ்.எம்.எஸ். ஆக வந்தால், விளம்பரம் என்று நினைத்து நாம் படிக்காமல் விட்டுவிடுகிறோம். உங்கள் யு.பி.ஐ. ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதியை இன்றே திறந்து பாருங்கள். எந்தெந்த நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்பது அங்கே இருக்கும். வேண்டாததை அங்கேயே ரத்து செய்யலாம்.

அடுத்தது 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்ற பட்டன். இங்கே ஃப்ரீ என்பது வினைச்சொல். 'இடத்தைக் காலி செய்' என்று பொருள். கூகுள் போட்டோஸில் இதை அழுத்தினால், இணையத்தில் ஏற்கெனவே பேக்கப் ஆன படங்கள் உங்கள் மொபைலில் இருந்து நீக்கப்படும். இணையத்தில் உள்ள பிரதி அப்படியே இருக்கும். இது தெரியாமல், 'மொபைலில்தான் இருக்கிறதே' என்று நினைத்துப் பிறகு இணையத்தில் உள்ளதையும் அழித்தால் இரண்டும் போய்விடும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களை எந்தக் கடையிலும் திரும்ப வாங்க முடியாது.

'ராயல்டி ஃப்ரீ' படங்கள் என்பதும் இலவசப் படங்கள் அல்ல. ஒருமுறை உரிமம் பெற்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம் என்றுதான் பொருள். அந்த ஒருமுறைக்குக் காசு கேட்கலாம். ஃபிளெக்ஸ், அழைப்பிதழ் வடிவமைக்கும் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சுதந்திரம் என்ற ஃப்ரீ

இந்தச் சொல் ஆங்கிலேயர்களையும் விட்டுவைக்கவில்லை. 1983-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்ற திட்டத்தை அறிவித்து, ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தைத் தொடங்கினார். அவர் சொன்ன ஃப்ரீ விலையைப் பற்றியது அல்ல. மென்பொருளை விருப்பம்போல் பயன்படுத்தவும், அதன் மூல நிரலைப் படிக்கவும், திருத்தவும், மற்றவர்களுக்குக் கொடுக்கவும் உள்ள சுதந்திரம் அது. அத்தகைய மென்பொருளை விலைக்கும் விற்கலாம்! ஆனாலும் எல்லோரும் 'ஓசி' என்றே புரிந்துகொண்டார்கள். 1998-ல் 'ஓபன் சோர்ஸ்' என்ற புதிய பெயர் உருவானதற்கு இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

தமிழில் இந்தச் சிக்கலே இல்லை. 'இலவச மென்பொருள்' வேறு, 'கட்டற்ற மென்பொருள்' வேறு என்று இரண்டு சொற்களில் முடித்துவிட்டோம். அடோப் ரீடர் காசில்லாமல் கிடைக்கிறது. ஆனால் கட்டற்றது அல்ல. வி.எல்.சி. பிளேயரும் லிப்ரே ஆபீஸும் காசில்லாமலும் கிடைக்கின்றன, கட்டற்றவையும்கூட.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, அதன் பெயர் 'விலையில்லா மடிக்கணினி'. சில ஆண்டுகளில் வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. யோசித்துப் பாருங்கள். மாணவனுக்கு மடிக்கணினி விலையில்லாதது. அதிலிருந்த விண்டோஸுக்கு அரசு விலை கொடுத்தது. லினக்ஸோ கட்டற்றது. நாங்கள் இவை எல்லாவற்றையும் 'ஃப்ரீ லேப்டாப்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சில கம்ப்யூட்டர் கடைகளில் விலையுயர்ந்த மென்பொருள்களை 'ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம்' என்கிறார்கள். பூட்டை உடைத்து ஏற்றிய பிரதிகள் அவை. அவற்றோடு வைரஸும் சேர்ந்து வரலாம். மேலே சொன்ன ஐந்து பொருள்களில் எதிலும் அது சேராது. அதற்குத் தமிழில் திருட்டு என்று பெயர்.

என்ன செய்யலாம்?

ஃப்ரீ என்று எதைப் பார்த்தாலும் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளிக் செய்யும் முன் அதை மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள். இலவசமா, இல்லாததா, காலியா, கட்டற்றதா? 'இலவசம்' என்று பதில் வந்தால் மேலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எத்தனை நாளைக்கு? வங்கிக் கணக்கு விவரம் எதற்கு? காசுக்குப் பதிலாக என் தொலைபேசி எண், இருப்பிடம், தொடர்புப் பட்டியல் போன்றவற்றைக் கேட்கிறார்களா? ஏமாற்றிப் பணம் பறிக்கப்பட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி மையங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மவுஸ் பிடிக்கக் கற்றுத்தரும் முதல் வகுப்பிலேயே இந்த ஐந்து பொருள்களையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். பத்து நிமிடம் போதும்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். அதை ஆண்ட அதியமான் அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதை புறநானூற்றிலேயே இருக்கிறது. அந்தக் கனியின் பயனைச் சொல்லாமல் மறைத்துவிட்டுக் கொடுத்தானாம். இன்று திரையில் நீட்டப்படும் பல ஃப்ரீக்களில் பயனைப் பெரிதாகச் சொல்லிவிட்டு விலையை மறைக்கிறார்கள். நெல்லிக்கனி எது, தூண்டில் புழு எது என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.