உருக்கிய ரூபாயில் ஒரு கோப்பை

ரக்பி உலகக் கோப்பைக்கு வில்லியம் வெப் எல்லிஸ் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். 1823இல் ரக்பி பள்ளி மைதானத்தில் பந்தைக் கையில் அள்ளிக்கொண்டு ஓடினாராம். அவர் 1872இல் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தக் கதையே அச்சேறியது. 1895இல் பழைய மாணவர்கள் விசாரித்தார்கள். நேரில் பார்த்த சாட்சி சிக்கவில்லை.

சாட்சியோடு நிற்கும் கதை கொல்கத்தாவில் இருக்கிறது. 1872 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே அணிக்கு 20 பேராக வெள்ளைக்காரர்கள் ரக்பி ஆடினார்கள். அடுத்த மாதமே கிளப் தொடங்கியாயிற்று. உறுப்பினர்களுக்கு மதுவும் இலவசம்! அந்தச் சலுகை நின்றதும் கூட்டம் கரைந்தது. வெயில் வேறு, போலோவும் டென்னிஸும் ஆளை இழுத்துக்கொண்டன.

1878இல் கிளப்பை மூடியவர்கள் வங்கியில் மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாகவே எடுத்து உருக்கி, கோப்பை செய்தார்கள். கைப்பிடிகள் மூன்றும் படமெடுத்த நாகங்கள், மூடியின் மேல் யானை. 1879 முதல் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. முதல் ஆட்டம் டிரா.

ஆவணம் உள்ள கதை இரு நாட்டுப் போட்டியோடு ஒதுங்கிவிட, ஆதாரமற்ற கதை உலகக் கோப்பையில் ஏறி உட்கார்ந்திருப்பது நியாயமாகப் படவில்லை.

கொல்கத்தாக் கோப்பையைப் பேணிய லட்சணமும் அப்படித்தான். 1988இல் எடின்பரோவில் ஆட்டம் முடிந்த இரவு, போதையில் இருந்த வீரர்கள் அதைத் தெருவில் பந்தாடி நசுக்கினார்கள். ஸ்காட்லாந்தின் ஜான் ஜெஃப்ரிக்கு ஆறு மாதத் தடை. இங்கிலாந்தின் டீன் ரிச்சர்ட்ஸுக்கு ஒரே ஓர் ஆட்டம்தான்.