கதவடைத்தவன் சொல்லும் கணக்கு



கண்டமங்கலத்துக்குக் கிழக்கே அரியூர், மேற்கே திருபுவனை. இரண்டும் புதுவை மண். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் கிடந்தவை. அவ்வூராருக்கு அயல்நாடு கடல் கடந்து இருக்கவில்லை, கூப்பிடு தொலைவில் இருந்தது! அங்கே குழப்பம் என்று ஓர் ஏடும், அமைதி என்று மற்றோர் ஏடும் எழுதினாலும், சுங்கக் கெடுபிடியை மீறி உறவினரின் வாய்ச்சொல் வந்து சேர்ந்துவிடும். அவ்வாண்டு அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பேராளர் கூடினர். 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அது மெய்யா என்றறியக் கண்டமங்கலத்தார்க்குப் பாரிசு ஏடு தேவைப்பட்டிருக்குமா?

முல்லைத்தீவுக்கு அப்படி ஆளனுப்பிக் கேட்க முடியாது. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளரையும் தொண்டு நிறுவனத்தாரையும் வன்னியைவிட்டு வெளியேறச் சொன்னது கொழும்பு அரசு. செய்தியாளர் தாமாகச் சென்று காண வழியில்லை. பின்னர் அதே அரசுதான், 2009 தொடக்கத்தில், அங்கே சிக்கியிருப்போர் எழுபதாயிரம் பேரே என்றது. ஐ.நா. மதிப்பீடோ இரண்டரை இலட்சம்! கதவை அடைத்தவனே உள்ளிருப்போரை எண்ணிச் சொல்வானேயானால், ஐயம் முதலில் அவன்மீதன்றோ எழவேண்டும்?

இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. உணவும் மருந்தும் அந்த எண்ணைக் கொண்டே அனுப்பப்பட்டன. எண் குறைந்தால் சோறு குறையும்! மே மாதம் போர் ஓய்ந்தபோது, முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர் மட்டும் இரண்டே முக்கால் இலட்சத்துக்கு மேல். கொழும்பின் கணக்கைப் பொய்யாக்க எந்த எதிரி ஏடும் எழுத வேண்டியிருக்கவில்லை. முள்வேலிக்குள் வரிசையில் நின்றவர்களே பொய்யாக்கினர்.

பகைவனின் புளுகைப் பிடிப்பது எளிது. நமக்கு இனிக்கும் செய்தியை உரசிப் பார்க்கிறோமா? பிரபாகரன் இறக்கவில்லை என்று முதலில் மறுத்த புலிகளின் செல்வராசா பத்மநாதனே, 2009 மே 24-இல் இறப்பை ஒப்புக்கொண்டார். ஆயினும் 2023 பிப்ரவரியில், அவர் நலமாக இருக்கிறார் என்று தஞ்சையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. சான்றென்று ஒன்றும் தரப்படவில்லை. நம் கைபேசிகளில் அது பறந்த வேகத்தை நீங்களே அறிவீர்கள்!

இன்னொன்று, சற்றுக் கசப்பானது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு, 2011 சனவரியில், கொழும்பு அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கணக்கை வைத்தார். 2008 அக்டோபரில் வன்னி மக்கள் 4,29,059 பேர். இது அரசின் சொந்தக் கச்சேரிப் பதிவு. படையினரின் பகுதிக்கு வந்தவர் 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆயினர்? ஆயர் கேட்டது இவ்வளவே. கொல்லப்பட்டனர் என்று அவர் முடிவு கூறவில்லை. நம் மேடைகளிலோ அக்கேள்வி ஒன்றரை இலட்சம் பிணமாகிவிடுகிறது! 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011-இல் எழுதியதே, அது போதாதா நெஞ்சு வெடிக்க?

2017 பிப்ரவரியில் கிளிநொச்சித் தெருவோரம் அமர்ந்த தாய்மார், என் பிள்ளை எங்கே என்றுதான் கேட்டனர். காணாமற்போனோர் இறந்துவிட்டனர், இறப்புச் சான்று வழங்கலாம் என்ற பொருள்பட 2020 சனவரியில் விடையளித்தவர் கோத்தபய இராசபக்சே. தாய்மார் அதை ஏற்கவில்லை. அதே விடையை நம் மேடையிலிருந்தும் அவர்களுக்குச் சொல்லலாமா, தோழர்களே?