ஜாதிக் குதிரையும் லாயத் தொழிலாளியும்

"ரத்தம் பேசும்" என்பது சீமான்கள் கூடுமிடத்தில் எப்போதும் அடிபடும் பேச்சு. ஒரே நாளில் 100 மைல் ஓடி முடிக்கும் தொலைதூரக் குதிரை ஓட்டத்தில் அரபுக் குதிரைதான் முந்தி வருகிறது, அதற்குத் தூய வம்சமே காரணம் என்கிறார்கள். குதிரையைப் பற்றித் தொடங்கும் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்பது பண்ணையில் கைகட்டி நின்ற நமக்குத் தெரியாததா?

வம்சத்தில் ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அது விஞ்ஞானத்துக்கு விரோதம். 1955-ல் அமெரிக்காவின் சியரா நெவாடா மலைப்பாதையில் தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்தில் பெரும்பாலும் அரபு இனமே வென்று வந்திருக்கிறது. விட்டெசாரிஃப் என்ற ஒரே குதிரை ஆறு முறை வென்றது. இலேசான உடம்பு, மெல்லிய தோல், ஓடி நின்றதும் சீக்கிரம் தணியும் நாடி, எல்லாம் உண்மை. சர்வதேச விதிப்படி இடைவழியில் மிருக வைத்தியர் நாடி பார்க்கிறார். குறித்த நேரத்துக்குள் அது நிமிடத்துக்கு 64-க்கு இறங்காவிட்டால் குதிரைக்கு அத்தோடு ஓட்டம் முடிந்தது. (தறியருகே நாள் முழுதும் நிற்கிறவனுக்கு யார் நாடி பார்த்தார்கள்?)

ஆனால் அந்த வம்சத்தை உண்டாக்கியவர் யார்? பாலைவனத்து பெதூயின் நாடோடிகள். குஹைலான், ஸக்லாவி என்று தாய்வழிக் கிளைகளை ஏடில்லாமல் வாய்மொழியாகவே காத்தவர்கள் அவர்கள். 1878-ல் இங்கிலாந்தில் கிராபெட் பண்ணையைத் தொடங்கிய பிளண்ட் தம்பதிகள் அவர்களிடம் விலைக்கு வாங்கிப் போனார்கள். புகழ் பண்ணைக்காரருக்குப் போயிற்று.

செஞ்சேனைக் குதிரைப்படைத் தளபதி புத்யோன்னியின் முயற்சியால் 1921-ல் வட காகசஸில் தெர்ஸ்க் அரசுப் பண்ணை எழுந்தது. 1936-ல் அது கிராபெட்டிலிருந்தே குதிரைகளை வாங்கியது. ஆனால் வம்சப் பத்திரத்தோடு அங்கே திருப்தியடையவில்லை. இளங்குதிரைகளைப் பந்தயத் திடலில் ஓட்டிப் பார்த்தே தரம் பிரித்தார்கள். அப்படி வந்த வழியில் 1969-ல் பிறந்த பெர்சிக், பிரான்சுக்குப் போய் அந்நாட்டுத் தொலைதூர ஓட்டக் குதிரைகளுக்கு மூதாதை ஆயிற்று.

நல்ல ரத்தம் இருந்தும் ஆளில்லாமல் போனால் என்ன ஆகும்? அதற்கு நம் நாட்டுக் கதையே இருக்கிறது. 13-ம் நூற்றாண்டில் பாண்டிய மன்னர்கள் ஆண்டுக்கு 2,000-க்கு மேற்பட்ட குதிரைகளைப் பொன் கொட்டி அரபுக்கரையிலிருந்து வரவழைத்தார்கள். ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரை வளர்க்கத் தெரிந்தவரில்லை, லாடம் கட்டுகிறவருமில்லை என்பதே அவர் சொல்லும் காரணம். வியாபாரிகளும் அப்படிப்பட்ட ஆளை அனுப்பாமல் பார்த்துக் கொண்டார்களாம். மாண்ட குதிரைக்குப் பதில் மறு குதிரை விற்கலாமே!

ஆள் இருந்தும் பேராசை சவாரி செய்தால் அதுவும் நாசம்தான். ஐக்கிய அரபு அமீரகத்தின் சமவெளி மணலில் வேகமே குறியாக ஓட்டி, குதிரைகள் கால் எலும்பு முறிந்து விழுந்தன. சர்வதேச குதிரையேற்றச் சம்மேளனம் 2015 மார்ச்சில் அந்நாட்டுச் சங்கத்தையே தற்காலிகமாக நீக்கி வைத்தது. அதே அரபு ரத்தம்தான், தோழர்களே!

அந்த லாயங்களில் சாணம் அள்ளுகிறவர்களில், இரவெல்லாம் குதிரைக் காலுக்குத் தண்ணீர் விடுகிறவர்களில், நம் துணைக்கண்டத்து ஏழைகள் ஏராளம். பரிசு மேடையில் குதிரையின் தகப்பன் பெயரும் சொந்தக்காரர் பெயரும் வாசிக்கப்படுகின்றன. குதிரைக்கு இத்தனை நிமிட ஓய்வு என்று விதி எழுதத் தெரிந்த சம்மேளனம், லாயத் தொழிலாளியின் ஓய்வையும் விதியில் ஏற்ற வேண்டும். பரிசுத் தொகையில் அவனுக்கொரு பங்கும் எழுத வேண்டும்.