கல்லூரிப் பணம் யார் கைக்குப் போகிறது?

போன மாதக் கடைசி ஞாயிறன்று தாராவி உறுப்பினர் ஒருவர் மனைவியோடு நம் சங்க அலுவலகத்துக்கு வந்தார். முப்பது ஆண்டுகளாகத் தோல் பட்டறையில் உழைப்பவர். மகள் ஜார்ஜியா நாட்டில் மருத்துவம் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டுக் கட்டணத்துக்காக நகையை அடகு வைத்து, சீட்டையும் தள்ளி எடுத்து, நான்கரை லட்ச ரூபாயை இங்குள்ள ஓர் ஏஜெண்டிடம் கொடுத்திருக்கிறார். கையில் இருந்த ரசீது ஒரு வெள்ளைத் தாள். கல்லூரியோ, பணம் வரவில்லை, தேர்வுக்கு உட்கார விடமாட்டோம் என்கிறது. "வளையலையும் கழட்டிக் கொடுத்தேனே தம்பி" என்று அந்தத் தாயார் ஒரு தடவை சொன்னார். அப்புறம் பேசவில்லை.

நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கேட்டது ஒன்றுதான்: ஏன் வங்கிக்குப் போகவில்லை? போயிருக்கிறார். இரண்டு முறை. கிளையில் இருந்தவர்கள் இந்தியில் ஏதோ சொல்லி, இது இங்கே நடக்காது, பெரிய ஆபீசுக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவரிடம் தமிழில் இனிக்கப் பேசினான் ஏஜெண்ட். ரயில் நிலையத்திலும் இதே கதைதான். கவுண்டர் மூடியிருக்கிற இடத்தில்தான் தரகன் நிற்பான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1999ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நிர்வாகச் சட்டப்படி, ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவர் வழியாக மட்டுமே வெளிநாட்டுக்குப் பணம் போகலாம். மீறினால் தொகையைப்போல் மூன்று மடங்கு வரை அபராதம் உண்டு. அது ஏஜெண்டோடு நிற்காது, கொடுத்தவர் மீதும் பாயும். அனுமதி பெற்றவர்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியே வெளியிடுகிறது. இதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பயணம் போகிறவருக்கு டாலர் நோட்டு மாற்றித் தரும் கடையும் உரிமத்தைச் சுவரில் மாட்டியிருக்கும். ஆனால் அது நோட்டு மாற்றும் உரிமம்; கல்லூரிக் கணக்குக்குப் பணம் அனுப்ப அது செல்லாது. கல்லூரி தன் இணையதளத்தில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியைக் காட்டினாலும், இங்கிருந்து அந்தப் பணத்தை அனுப்பப்போவது எந்த இந்திய வங்கி என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முறையான இடத்தில் பான் எண் கேட்பார்கள், ஏ2 படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கல்லூரியின் கட்டணக் கடிதத்தைப் பார்ப்பார்கள். இதெல்லாம் தொல்லையல்ல. எதுவுமே கேட்காதவனைக் கண்டுதான் பயப்பட வேண்டும். பணம் உங்கள் கணக்கிலிருந்து கிளம்பிக் கல்லூரிக் கணக்கில் இறங்க வேண்டும், நடுவில் எவருடைய சொந்தக் கணக்கும் வரக் கூடாது. மாணவரின் பதிவு எண் அதில் இருக்கிறதா என்று பார்த்து, ஸ்விஃப்ட் நகலை வாங்கி வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.

"கமிஷன் இல்லை" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். டாலருக்கு இரண்டு ரூபாய் கூட்டி வைத்தால் 5,000 டாலருக்குப் பத்தாயிரம் ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும். மொத்தம் எத்தனை ரூபாய் எடுப்பீர்கள், அங்கே எத்தனை டாலர் இறங்கும்? இந்த இரண்டு எண்ணையும் இரண்டு இடத்தில் எழுதி வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டணத்தில் தள்ளுபடி வாங்கித் தருகிறேன் என்பவன் இன்னும் ஆபத்தானவன். திருட்டுக் கார்டில் கட்டிவிட்டு உங்களிடம் ரொக்கம் வாங்கிக்கொள்வான். கார்டுக்கு உரியவர் புகார் செய்ததும் கல்லூரி உங்கள் பிள்ளையின் கட்டணத்தை ரத்து செய்யும்.

வரியைக் காட்டியும் ஏஜெண்டுகள் பயமுறுத்துகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஓராண்டில் பத்து லட்ச ரூபாய் வரை அனுப்பினால் முன்வரிப் பிடித்தம் இல்லை. வங்கிக் கல்விக்கடனிலிருந்து போகும் பணத்துக்கு அந்த வரம்பைத் தாண்டினாலும் பிடித்தம் கிடையாது. நம்மில் பெரும்பாலோருக்கு இந்தப் பயம் வேண்டியதே இல்லை.

வங்கிகளுக்கும் சொல்கிறோம். 2004இல் 25,000 டாலர் என்று தொடங்கிய திட்டம் இன்று ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்ப இடம் தருகிறது. கோடீஸ்வரர் வீட்டுக்கு அதிகாரியே படிவத்தோடு போகிறார். பட்டறைத் தொழிலாளிக்கு மட்டும் ஏன் கதவடைப்பு? தன் கிளையில் வசதி இல்லையென்றால், எந்தக் கிளையில் முடியும் என்று எழுதிக் கொடுக்கட்டும். மறுத்தால் வங்கியிலேயே எழுத்துமூலம் புகார் கொடுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்; விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஏஜெண்டிடம் ஏமாந்தவருக்கு அந்த வாசலும் இல்லை, போலீஸ் நிலையம் ஒன்றுதான்.

தாராவி உறுப்பினருக்காகப் போலீசில் புகார் கொடுத்திருக்கிறோம். தவணைக்கு அவகாசம் கேட்டுக் கல்லூரிக்கும் எழுதியாயிற்று. செப்டம்பர் சேர்க்கைக்குப் பணம் கட்ட வேண்டியவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்குக் கட்டணக் கடிதத்தையும் பான் அட்டையையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வாருங்கள். இந்தி தெரிந்த தோழர் ஒருவர் திங்களன்று உங்களோடு வங்கிக்கு வருவார்.