எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் சொற்கள்

சில எழுத்துக்களைக் கொடுத்து, அவை யாவும் அமைந்த ஆங்கிலச் சொல் ஒன்றைக் கூறுமாறு கேட்டால், பட்டம் பெற்றவர்களும் சற்றுத் தயங்குவர். ஐந்தாம் வகுப்புச் சிறுமியோ சில வேளைகளில் முந்திக்கொண்டு விடை கூறிவிடுவாள். காரணம் யாதெனின், இவ்விளையாட்டுக்கு வேண்டுவது பெரும் புலமை அன்று. எழுத்துக்களை இடம் மாற்றிப் பார்க்கும் பழக்கமும், சிறிது பொறுமையுமே ஆகும். வீட்டில் உள்ளோர் யாவரும் கூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுக்கு இதனினும் மலிவான விநோதம் வேறில்லை. ஒரு தாளும் பென்சிலும் அகராதியும் போதும்.

முதலில் உயிரெழுத்துக்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என இவை ஐந்து. இவ்வைந்தும் ஒவ்வொரு முறை மட்டும் வரும் சொற்கள் எவை? கல்வியைக் குறிக்கும் 'எடியுகேஷன்' அவற்றுள் ஒன்று. கணிதப் புத்தகத்தைத் திறந்தால் சமன்பாட்டைக் குறிக்கும் 'இக்குவேஷன்' கிடைக்கும். சமையலறைக்குள் நுழைந்தால் 'கோலிபிளவர்' காத்திருக்கும். நடத்தையைக் குறிக்கும் 'பிஹேவியர்' என்பதிலும் ஐந்தும் உண்டு. ஆனால் அமெரிக்கர் அதனை எழுதும்போது யூவை நீக்கிவிடுவதால், அவர்கள் நாட்டில் அச்சொல் நான்கு உயிர்களுடனேயே வாழ்கின்றது!

ஐந்தும் வரிசை பிசகாமல் வரவேண்டும் என்றால் தேடுதல் கடினமாகும். எனினும், வேளையறியாது பரிகாசம் பேசுதலைக் குறிக்கும் 'பெசீஷஸ்', உண்பதிலும் குடிப்பதிலும் மிதமாயிருத்தலைக் குறிக்கும் 'அப்ஸ்ரீமியஸ்' ஆகிய இரண்டும் அவ்வாறே அமைந்துள்ளன. இதற்கு மாறாக, தாளலயத்தைக் குறிக்கும் 'ரிதம்' என்னும் சொல்லில் இவ்வைந்தில் ஒன்றுமே இல்லை. ஆர், எச், வை, ரி, எச், எம் என்ற ஆறு எழுத்துக்களில், வை என்பதே உயிரின் வேலையைச் செய்கின்றது.

இனி, தேடும் உபாயத்தைக் கூறுவோம். கொடுக்கப்பட்ட எழுத்துக்களை வரிசையாக எழுதாது வட்டமாக எழுதுக. வரிசையாக எழுதினால் கண் அந்த ஒழுங்கையே பற்றிக்கொள்ளும். வட்டத்தில் எழுதினால் எங்கிருந்தும் தொடங்கலாம். அடுத்து, சேர்ந்தே வரும் இணைகளை நோக்குக. கியூவைக் கண்டால் பெரும்பாலும் யூ பின்தொடரும். எச் என்பது எஸ், ரி, சி ஆகியவற்றோடு கூடிவர விரும்பும். பின்னர் சொல்லின் வாலைப் பிடியுங்கள். ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவற்றைக் கடைசியில் வைத்துப் பாருங்கள். ரி, ஐ, ஓ, என் நான்கும் இருந்தாலும் அவ்வாறே.

உதாரணமாக, எல், ஐ, எஸ், ரி, ஈ, என் என்ற ஆறையும் எடுத்துக்கொள்ளுங்கள். கவனித்துக் கேட்டலைக் குறிக்கும் 'லிசின்' இதில் உண்டு. மௌனத்தோடிருத்தலைக் குறிக்கும் 'சைலன்ற்' என்பதும் இதே ஆறு எழுத்துக்களே. கேட்க விரும்புகின்றவன் வாய்மூடியிருத்தல் வேண்டும் என்னும் பாடத்தை இவ்விரு சொற்களும் சேர்ந்து போதிக்கின்றன அன்றோ! படையிற் சேர்தலைக் குறிக்கும் 'என்லிஸ்ற்', மினுங்கும் சரிகையைக் குறிக்கும் 'ரின்சல்' ஆகியனவும் அவற்றிலிருந்தே பிறக்கின்றன.

உலகெங்கும் ஆடப்படும் 'ஸ்கிரபிள்' இவ்வகை விளையாட்டுக்களுள் பிரபலமானது. அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்த கட்டடக் கலைஞர் அல்பிரட் பட்ஸ் என்பவர், பத்திரிகைப் பக்கங்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகின்றது என எண்ணிப்பார்த்து அதனை ஆக்கினார். 1948இல் அதற்கு ஸ்கிரபிள் என்ற பெயர் கிடைத்தது. அதிலுள்ள 100 வில்லைகளுள் ஈ மட்டும் 12. கியூ ஒன்றே ஒன்று. எளிதிற் கிடைக்கும் ஈக்கு 1 புள்ளி; அருமையான கியூவுக்கு 10 புள்ளி.

இவ்விளையாட்டில் நிகரற்றவர் நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் றிச்சர்ட்ஸ். பிரெஞ்சு மொழி பேசத் தெரியாத இவர், அம்மொழியின் சொற்பட்டியலை மனனஞ் செய்து, 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அவ்வாறே வென்றார். வியக்கத்தக்க சாதனைதான். ஆயினும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதனை முன்மாதிரியாகக் காட்டலாமா? பொருளறியாது எழுத்துக்கூட்டலை மட்டும் உருப்போட்டுப் பரீட்சை மண்டபத்தில் திகைத்து நிற்கும் மாணவர் நம்மிடையே ஏலவே பலர் உளர். ஆகவே ஒரு விதி செய்துகொள்ளுங்கள்: சொல்லைக் கண்டுபிடித்தவர் அதன் பொருளையுங் கூறினாலன்றிப் புள்ளி இல்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'எமக்கு ஆங்கிலம் தெரியாது. பிள்ளையின் படிப்பில் நாம் என்ன செய்வது?' என்று பல தாய்மார் ஒதுங்கி நிற்கின்றனர். இவ்விளையாட்டில் அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. இருபத்தாறு எழுத்துக்களை அறிந்த எவரும் அகராதியைப் புரட்டி நடுவராகலாம். கடிகாரம் பார்க்கும் வேலையை ஆச்சியிடம் ஒப்படைக்கலாம். தாய் அருகிலிருந்து தேடும்போது, ஆங்கிலம் பிள்ளைக்கு அச்சந் தரும் பாடமாக இராது. வீட்டுக்கு வந்த விருந்தாளியாக மாறிவிடும். எழுத்தோடு விளையாடுதல் நமக்குப் புதிதுமன்று. முன்பின்னாக வாசித்தாலும் மாறாத மாலைமாற்றும், இதழ் ஒட்டாது பாடும் நிரோட்டகமும் தமிழ்ப் புலவர் கண்டவையே.

இவ்வார வினாக்கள் மூன்று:

1. ஓ இரண்டு, கே இரண்டு, ஈ இரண்டு அடுத்தடுத்து வரும் சொல் யாது?

2. ஐந்தெழுத்துச் சொல், கடைசி நான்கை நீக்கினாலும் ஒலி மாறாது. அது எது?

3. ஏ நான்கு முறை வரும். வேறு உயிரெழுத்து இல்லை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது. அது எது?

விடைகள்: முதலாவது, கணக்கெழுதுபவரைக் குறிக்கும் 'புக்கீப்பர்'. இரண்டாவது, கடையில் நாம் நிற்கும் 'கியூ' வரிசை. மூன்றாவது 'கற்றமரான்', கடலோடிகளின் கட்டுமரமே அது!