மழலையர் கையில் எந்தக் கணினி?

கடைத்தெருவில் ‘டப்’ என்று வழங்கப்படும் கைக்கணினியைச் சிறு பிள்ளைக்கு வாங்குவதா, வாங்கினால் எதை வாங்குவது என்ற கேள்வி இன்று உத்தியோகத்தர் வீட்டிலும் எழுகிறது; கமக்காரர் வீட்டிலும் எழுகிறது. இது குடும்பத்தின் தனி விவகாரம், அரசியல் ஏட்டுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். பிள்ளை எந்த மொழியில் எழுத்தறிகிறது, அதன் பெயரும் குரலும் யார் கையில் போய்ச் சேருகின்றன, உழைத்துச் சேர்த்த பணம் எங்கே போகிறது என்பவை அரசியல் அல்லவென்றால், வேறெவைதான் அரசியல்?

கருவியை முற்றாக ஒதுக்கவேண்டும் என்று வாதிடுவோர் கட்சியில் நாம் இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசிக்குள் புகுந்தது. கருவியும் அலைத்தொடர்பும் இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை பின்தங்கியது. அந்த அநீதியைக் கண்ணாற் கண்ட எவரும் கணினி நமக்கு வேண்டாம் என்று சொல்லத் துணியார். ஆயினும், 14 வயது மாணவனுக்குப் பொருந்தும் நியாயத்தை 3 வயது மழலைக்கும் பொருத்துவது தர்க்கமன்று.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வெளியிட்ட வழிகாட்டல் இதனைத் தெளிவாக வகுத்துள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. ஒரு வயதிலும் அது தகாது. 2 முதல் 4 வயது வரை, உட்கார்ந்தபடி திரை பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது, குறையக் குறைய நன்று என்பதே அதன் சாரம். ஆகவே முதற் கேள்வி ‘எந்த டப்’ என்பதன்று. ‘பிள்ளைக்கு எத்தனை வயது’ என்பதே. சோறூட்டுவதற்கும் அழுகையை அடக்குவதற்கும் வாங்கப்படும் கருவி கல்விக் கருவியன்று. முன்பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்கெனத் தனியாக ஒன்று வாங்கவேண்டிய அவசியமே இல்லை. தாயோ தந்தையோ அருகிலிருந்து சிறிது நேரம் காட்டுவதற்கு வீட்டிலுள்ள கருவியே போதும்.

இரண்டாவது கேள்வி மொழி பற்றியது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த நாள் முதலாகத் தமிழுக்கு உரிய இடம் கேட்டு இம்மக்கள் போராடி வந்துள்ளனர். 1987 இல் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியென்று ஏட்டில் எழுதியது. சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற மொழியை நமது வீட்டு விறாந்தையில் நாமே தோற்கவிடலாமா? கனடாவிலும் இலண்டனிலும் உள்ள உறவினர் அன்போடு அனுப்பும் சிறுவர் டப்புகளைப் பாருங்கள். அமேசன் நிறுவனத்தின் பயர் வகைக் கருவிகள் அங்கே மலிவு. உறுதியான உறையும் உண்டு. ஆனால் அவை அந்நிறுவனத்தின் சொந்தச் செயலிக் கடையை நம்பியே விற்கப்பட்டு வந்தவை. உள்ளிருக்கும் கதையும் பாட்டும் பெரும்பாலும் ஆங்கிலம். பழுதானால், உத்தரவாதம் வாங்கிய நாட்டிலேயே நின்றுவிடும்.

ஆங்கிலத்தை நாம் பகைக்கவில்லை. பிள்ளை அதனையும் கற்கட்டும். தன் மொழியில் காலூன்றிய பின் கற்கட்டும். வாங்குமுன் கடையிலேயே கருவியைத் திறந்து மூன்றைச் சோதியுங்கள். பட்டியல்கள் தமிழில் வருமா? தமிழ் விசைப்பலகை உண்டா? தமிழ்ப் பந்தியொன்று எழுத்துச் சிதையாமல் தெரிகிறதா? இம்மூன்றுக்கும் ‘ஆம்’ என்று விடை தராத கருவி, எத்துணை அழகாயினும் தமிழ்ப் பிள்ளைக்கு உரியதன்று.

மூன்றாவது, பிள்ளையின் அந்தரங்கம். 2015 இல், சிறுவருக்கான டப்புகளைச் செய்து விற்கும் வீடெக் என்ற ஹொங்கொங் நிறுவனத்தின் களஞ்சியத்துள் களவாக நுழைந்தோர் 60 இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் விபரங்களைக் கைப்பற்றினர். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழுவின் நடவடிக்கையை அடுத்து, 2018 இல் அந்நிறுவனம் 650,000 டொலர் செலுத்த உடன்பட்டது. யூரியூப் தளத்தில் பிள்ளைகளின் தரவைப் பெற்றோர் சம்மதமின்றித் திரட்டிய வழக்கில், 2019 இல் கூகிள் 17 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது. அந்நாட்டில் 13 வயதுக்குட்பட்டோரைக் காக்க 1998 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. இலங்கையிலோ 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சிறுவர் பற்றிய தரவை விசேட வகையுள் அடக்கியிருக்கிறது. சட்டம் எழுதப்படுவது வேறு, அது ஒரு பிள்ளைக்கேனும் பயன்படுவது வேறு என்பதைத் தமிழ் மக்களுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆதலால், தேவையின்றிப் பிள்ளையின் படத்தையும் குரலையும் இருப்பிடத்தையும் கேட்கும் செயலிக்கு இடங்கொடாதீர்கள். கூகிளின் ஃபமிலி லிங்க் போன்ற பெற்றோர் கட்டுப்பாட்டை இயக்குங்கள். பணம் செலுத்தும் வழியைக் கடவுச்சொல்லாற் பூட்டுங்கள்.

நான்காவது, பணம். 2022 இல் டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவைக் கடந்தது. வெங்காயம் விற்ற காசில் வாங்கும் கமக்காரருக்கு அதன்பின் இறக்குமதிப் பொருள் எதுவும் விளையாட்டுப் பொருளன்று. பாடசாலைப் பிள்ளைக்கு 8 அங்குலத்துக்குக் குறையாத திரையும், 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பும் போதுமானவை. சிம் அட்டை இடும் வசதி சிறுவருக்கு வேண்டியதில்லை. அஃதின்றி வாங்கினால் செலவும் குறையும், காவலும் எளிதாகும். பாதுகாப்பு இற்றைப்படுத்தல் இன்னும் எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கும், உடைந்தால் திருத்த ஊரில் ஆளுண்டா என்று கேளுங்கள். விடை சொல்ல முடியாத பெட்டி எவ்வளவு மலிவாயினும் நட்டமே. பற்றுச்சீட்டுக் கேட்பவருக்கு வணிகர் அதைக் கொடுத்தே தீரவேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம்; அவ்வுரிமையை விட்டுக்கொடாதீர்கள்.

பெற்றோரின் கடமையைச் சொன்ன நாம் அரசின் கடமையைச் சொல்லாது விடமுடியாது. 13 ஆம் திருத்தம் முன்பள்ளிகளின் மேற்பார்வையை மாகாண சபைகளிடம் ஒப்படைத்தது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்ததும், அவ்வதிகாரம் மக்கள் பிரதிநிதிகளின் கையைவிட்டு ஆளுநரின் கைக்குப் போயிற்று. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், ஆர்வலரின் உழைப்பால் ஈழத்து நூல்களைத் திரட்டிக் காத்து வருகிறது. ஆர்வலரால் இயலுவது அரசால் இயலாதா? மழலையருக்கான தமிழ்க் கதைகளும் பாடல்களும், குரலோடு, இணைய இணைப்பின்றியும் பயன்படும் வண்ணம் இலவசமாக வழங்கப்படல் வேண்டும். பொதுப் பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கருவியும் தமிழில் இயங்கவேண்டும். முன்பள்ளி எதுவும் பெற்றோரை டப் வாங்கும்படி வற்புறுத்தலாகாது. இவை சலுகைகள் அல்ல. வரி செலுத்தும் மக்களின் உரிமைகள்.

பச்சரிசியில் ‘அ’ எழுதி ஏடு தொடக்குவது நம்மவரிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். அரிசிக்குப் பின் அந்த விரல் கண்ணாடியைத் தொடுமாயின், அங்கேயும் அது முதலில் எழுதுவது ‘அ’ ஆகவே இருக்கட்டும். அதனை உறுதிசெய்யும் பொறுப்பு, அரசு விழித்தெழும்வரை, நம்முடையதே.