வானம் பொது, வட்டில் யாருடையது?

சிலி நாட்டின் வடபகுதியிலே, அட்டகாமா பாலைவனம். கடல்மட்டத்துக்கு மேல் 5,000 மீட்டர் உயரத்தில் சாஹ்னந்தோர் மேட்டுநிலம். மரமில்லை, மழையில்லை, மூச்சுக்கும் பஞ்சம்! அங்கேதான் 66 வட்டில்கள் விண்ணை நோக்கி அண்ணாந்து நிற்கின்றன. ‘ஆல்மா’ என்னும் வானொலித் தொலைநோக்கி அது.

அந்தப் பாழ்வெளியை ஏன் நாடினர்? விண்மீன்கள் கருக்கொள்ளும் குளிர்முகில்களிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளைக் காற்றிலுள்ள நீராவி விழுங்கிவிடும். ஆகவே ஈரம் எட்டிப் பாராத இடம் வேண்டும். உழவனை விரட்டிய வறட்சி, ஆய்வாளனை வருக வருக என்றது! பலனும் கண்டோம். 2019 ஏப்ரல் 10 அன்று உலகம் பார்த்த கருந்துளைப் படத்திலே ஆல்மாவின் பங்கு பெரிது. 5.5 கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ளதைக் கணக்குப் போட்டுக் கண்டார்கள்; ஜாதகம் பார்த்தல்ல!

வியக்கிறோம், வாழ்த்துகிறோம். ஆனால் வியப்பிலே விவரம் மறைந்துவிடலாகாது.

ஏறத்தாழ 140 கோடி டாலர் செலவு. முதல் போட்டவர்கள் ஐரோப்பியர், அமெரிக்கர், ஜப்பானியர். வட்டில்களைச் செய்ததும் அவர்கள் கம்பெனிகளே. நிலம் தந்த சிலிக்கு, நோக்கும் நேரத்தில் 100-க்கு 10 பங்கு. அது பிச்சையல்ல, உரிமை. அதைக் கொண்டே அந்நாட்டு வானியல் வளர்ந்தது. எனினும் கருவியைப் பயன்படுத்துவது வேறு, கருவியைப் படைப்பது வேறு.

இன்னொன்று. 2013 மார்ச்சில் கோலாகலத் திறப்புவிழா. அதே ஆண்டு ஆகஸ்டிலே வேலைநிறுத்தம்! ஏறத்தாழ 200 தொழிலாளர்கள், ஊதிய உயர்வும், உயரத்தில் ஊரைவிட்டு ஒதுங்கி உழைப்பதற்கு ஈடும் கேட்டனர். ஆய்வு நின்றது. ‘அறிவியலுக்கு இடையூறு’ என்பார் உண்டு. விண்மீனின் வெப்பத்தை அளக்கத் தெரிந்த இடத்திலே, மூச்சுத் திணறி உழைப்பவனின் வியர்வையை அளக்கத் தெரியாதா? இரண்டு வாரத்துக்குமேல் நீடித்த பிறகே உடன்பாடு வந்தது. வட்டில்கள் மீண்டும் திரும்பின.

இப்போது அலைவாங்கிகளையும் கணிப்பொறியையும் புதுப்பிக்கும் பெருவேலை நடக்கிறது. அதிலே சிலியின் பொறியாளருக்கும் தொழிற்கூடங்களுக்கும் எவ்வளவு வேலை என்பதைச் சாந்தியாகோ அரசு கேட்டு வாங்கட்டும். நேரத்தில் பங்கு கேட்டவர்கள், தொழிலிலும் கேட்கலாமே!